பழைய மோட்டார்ப் படகுகளில் மின்சக்தி குன்றுதலும் அதன் காரணம் காணும் முறையும்

வங்கக் கடலுக்கும் பொன்னேரி வட்டத்து நெல் வயல்களுக்கும் இடையே கிடப்பது பழவேற்காடு ஏரி. இந்தியாவிலுள்ள உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. இதன் பெரும்பாகம் ஆந்திரப் பிரதேசத்தையும், தென்பாகம் தமிழ்நாட்டையும் சேர்ந்தது. தெற்கில் ஆரணியாறும் மேற்கில் காளங்கியாறும் இதில் வந்து விழுகின்றன. கிழக்கில் ஸ்ரீஹரிகோட்டைத் தீவு இதனைக் கடலினின்றும் பிரித்து நிற்கின்றது. பக்கிங்ஹாம் கால்வாய் இதனூடே செல்லுகின்றது. அக்கால்வாயில் முற்காலத்தில் விறகும் உப்பும் தானியமும் ஏற்றிச் சென்ற தோணிகளுக்குப் பாயும், கழியும், இழுகயிறுமே துணை. அவற்றில் பழுது நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பாய் கிழியும், கழி முறியும், கயிறு அறும். மோட்டார்ப் படகின் மின்சாரப் பழுது அவ்வாறு தெரிவதில்லை. ஆகையால் பழுது ஓரிடத்திலிருக்க, செலவு வேறிடத்தில் செய்யப்படுகின்றது.

இப்பக்கங்களைப் படிக்கும் நிலச்சொந்தக்காரர்களுக்குப் படகின் பாட்டரியைப் பற்றி என்ன கவலை என்று தோன்றலாம். படகிலுள்ள 12 வோல்ட் பாட்டரியும், அதனால் சுழலும் செல்ப் மோட்டாரும், அதனை நிரப்பும் டைனமோவும் டிராக்டரிலும் அப்படியே உள்ளன. பழுது காணும் முறையும் பெரும்பாலும் ஒன்றே. கிராம உத்தியோகஸ்தர்களுக்கோ இதில் நேரான சம்பந்தம் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வெள்ளம் புகுந்தபோது மீனவர்களின் படகுகள் தெருக்களுக்குக் கொண்டுவரப்பட்டு ஜனங்களை மீட்டன. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்திலும் அவ்வாறே நடந்தது. பருவமழைக்கு முன் கிராமத்திலுள்ள படகுகளுக்கு ஜாபிதா எழுதி வைப்பது வழக்கம். ஜாபிதாவில் பெயருள்ள படகு, நள்ளிரவில் கூப்பிட்டபோது இயங்குமா என்பது வேறு விஷயம். கரையில் நிற்கும்போது சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது என்பதை மட்டும் கொண்டு அதற்கு விடை கூற இயலாது. ஏன் இயலாது என்பதே இப்பாடத்தின் முக்கியமான பொருள்.

முதலில் படகுகளின் வகையை அறிதல் அவசியம். கூனங்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம், கோரைக்குப்பம் முதலிய குப்பங்களில் காணப்படும் பைபர் படகுகளில் சிலவற்றில் நீண்ட தண்டுடன் கூடிய சிறு டீசல் யந்திரம் இருக்கும்; அது கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பப்படுவது. வேறு சிலவற்றில் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு யந்திரம் இருக்கும். அது கயிற்றை இழுத்துக் கிளப்பப்படுவது. சற்றுப் பெரிய பழைய விசைப்படகுகளில் பல சிலிண்டர் டீசல் யந்திரமும், அதனைக் கிளப்பப் பாட்டரியும் செல்ப் மோட்டாரும் உள்ளன. டீசல் யந்திரத்துக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. காற்று அமுக்கப்படும் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே பழைய டீசல் யந்திரம் ஒருமுறை கிளம்பிவிட்டால், பாட்டரியைக் கழற்றி எறிந்தாலும் எண்ணெய் உள்ளவரை ஓடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. எண்ணெய் வழியைத் திறந்து வைக்க மின்சார வால்வு பொருத்தப்பட்ட யந்திரங்களில், மின்சாரம் அற்றவுடன் வால்வு மூடிக்கொள்ளும், யந்திரம் நின்றுவிடும். தன் யந்திரம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் படகுக்காரர் கரையிலேயே தெரிந்து வைத்திருத்தல் வேண்டும். நடுநீரில் யந்திரம் நின்றபின் அதனை ஆராய்வதற்குப் பொழுது இராது.

பழவேற்காட்டில் இதற்கு விசேஷமான காரணம் ஒன்று உண்டு. ஏரிக்குள் பெரும்பாலும் நீர் ஆழமற்றது. யந்திரம் நின்றால் கழி ஊன்றிக் கரை சேரலாம். முகத்துவாரத்தில் நிலைமை அவ்வாறன்று. மணல் மேடிட்டுக் குறுகிய வழியில் அலை உடைகின்றது. அங்கே யந்திரம் நின்ற படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். கவிழ்வதற்குச் சில கணங்களே போதும். ஏரிக்குள் வெறும் தொந்தரவாயிருக்கும் அதே பழுது, அரை மைல் கிழக்கே உயிருக்கு ஆபத்தாகின்றது.

பழுதுகளின் இயல்பு

ஈயப் பாட்டரியை பிரெஞ்சு தேசத்து விஞ்ஞானியான காஸ்டன் பிளாண்டே 1859-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். இன்றைய பாட்டரியும் தத்துவத்தில் அதுவே: ஈயத் தட்டுகளும், நீர் கலந்த கந்தகத் திராவகமும். ஓர் அறைக்குச் சுமார் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட் எனப்படுவது. நன்றாக நிரம்பிய பாட்டரி, சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய வெறுமையாயிற்று என்று கொள்ள வேண்டும்.

படகு கிளம்பவில்லை என்றால் ஜனங்கள் செய்யும் முதற்காரியம் புதுப் பாட்டரி வாங்குவது. அதைப் பொருத்தியவுடன் படகு கிளம்பியும் விடுகின்றது. ஒரு மாதம் சென்றபின் பழையபடி மக்கர் செய்கின்றது. உண்மையில் பாட்டரியை மாற்றும்போது முனைகளின் கவ்விகளைக் கழற்றிச் சுரண்டி மாட்டியதே குணத்துக்குக் காரணம். பழைய பாட்டரி குற்றமற்றதாகக் காய்லான் கடைக்குப் போயிருக்கக்கூடும். இவ்வாறு வீணாகும் பணம் சிறிதன்று.

பழைய படகுகளில் மின்சக்தி குன்றுவதற்குப் பெரும்பான்மையான காரணம் இணைப்புகளில் பற்றும் களிம்பேயாகும். செம்புப் பாத்திரத்தில் புளி பட்டால் பச்சைக் களிம்பு ஏறுவதை எல்லோரும் அறிவர். கடற்காற்றிலுள்ள உப்பு செம்புக் கம்பியிலும் அவ்வாறே செய்கின்றது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. ஆகவே உப்புப் படிந்த இணைப்பு வெயிற்காலத்திலும் முழுதும் காய்வதில்லை. பழவேற்காடு ஏரியின் உப்பளவு ஒரு நிலையில் நிற்பதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆற்று நீர் வந்து கலக்கும்போது நன்னீரை ஒட்டியிருக்கும். கோடையில் நீர் வற்ற வற்ற, சில இடங்களில் கடல்நீரையும் மிஞ்சும். கோடையில் தெறித்த நீர் காய்ந்து கம்பிகளின்மேல் உப்பாய்ப் பூத்திருக்கும். அடுத்த மழை ஈரத்தில் அது கரைந்து இணைப்புகளின் இடுக்குகளில் ஊறும். கோடை முழுதும் ஒழுங்காய் ஓடிய படகு முதல் மழையில் மறுப்பதன் இரகசியம் இதுதான்.

இனி, விளக்கு எரிந்தும் செல்ப் சுழலாமைக்குக் காரணம் கூறப்படும். மின்சாரம் ஓடும் வழியில் தடை இருந்தால் அங்கே வோல்ட் இழப்பு ஏற்படும். இழப்பின் அளவு, தடையை ஓடும் மின்சாரத்தால் பெருக்கியதற்குச் சமம். ஜெர்மானியரான ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட இவ்விதியை அறிந்தவர்க்குப் படகின் பழுதுகளில் பாதி விளங்கிவிடும். களிம்பேறிய ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 24 வாட் விளக்கு ஒன்று 2 ஆம்பியர் இழுக்கும், இழப்பு 0.04 வோல்ட். கண்ணால் அறிய முடியாது. விளக்கு பளிச்சென்று எரியும். அதே வழியாகச் செல்ப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்க முயன்றால் இழப்பு 4 வோல்ட். அவ்வளவு மின்சாரம் ஓடுவதற்கே அவ்விணைப்பு இடங்கொடாது. மோட்டார் முனகும், அல்லது 'டிக்' என்ற ஓசையோடு நின்றுவிடும். ஒரு களத்து வாய்க்காலில் பாதிக்குமேல் மண் தூர்ந்திருந்தாலும் ஒரு பாத்திக்கு நீர் பாயும். பத்துப் பாத்திக்கு மடை திறந்தால்தான் குறை தெரியும். எனவே சுமை இல்லாமல் செய்யும் சோதனை எதுவும் முழுச் சோதனையாகாது.

பரீட்சை செய்யும் வகை

வேண்டிய கருவிகள் அற்பமானவை. வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், இரண்டு கம்பிகளுடன் கூடிய ஒரு 12 வோல்ட் சிறு பல்பு, ஸ்பானர், உப்புத்தாள், கம்பித் தூரிகை ஆகிய இவை போதும். மூடி திறக்கக்கூடிய பாட்டரிக்குத் திராவகத்தின் கனம் அளக்கும் ஹைட்ராமீட்டரும் இருந்தால் நன்று.

முதற்கேள்வி, மின்சாரம் படகு முழுவதிலும் அற்றதா, ஒரு பகுதியில் மாத்திரம் அற்றதா என்பது. எல்லாம் ஒருங்கே இருண்டதாயின், எல்லாவற்றுக்கும் பொதுவாயுள்ள இடங்களில் மட்டும் தேடினால் போதும்: பாட்டரி, அதன் இரு கவ்விகள், மெயின் ஸ்விட்ச், மெயின் பியூஸ். ஒரு விளக்கோ ஒரு கருவியோ மட்டும் நின்றதாயின் பாட்டரியைத் தொடவே வேண்டியதில்லை. அதற்குரிய பியூஸையும் கம்பிகளையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேளாமையால், இருட்டில் படகு முழுதையும் கலைத்து, ஒரு பழுதுக்கு மூன்று பழுதை உண்டாக்கிக் கொள்பவர் உண்டு.

அடுத்தது பாட்டரி. மீட்டரின் இரு முனைகளையும் பாட்டரியின் ஈயக் குமிழ்களின்மேலேயே வைக்க வேண்டும், கவ்விகளின்மேல் வைத்தலாகாது. ஓய்விலுள்ள வோல்ட்டைக் குறித்துக்கொண்டு, கியரை நடுநிலையில் வைத்து, ஒருவர் செல்ப் பொத்தானை அழுத்த, மற்றொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று நிகழும். வோல்ட் 6 அல்லது 7 அளவுக்கு விழுமாயின் பாட்டரி காலியாயிற்று அல்லது கெட்டது. 10-ஐ ஒட்டி நின்று, மோட்டாரும் மெதுவாகச் சுழலுமாயின் பாட்டரி நல்லது. மோட்டாரையோ யந்திரத்தின் இறுக்கத்தையோ சந்தேகிக்கலாம். வோல்ட் 12-ஐ விட்டு அசையவே இல்லை, மோட்டாரும் சுழலவில்லை என்றால், பாட்டரியினின்றும் மின்சாரம் புறப்படவே இல்லை; வழியில் எங்கோ அடைப்பு. இம்மூன்றாவது நிலையே பழவேற்காட்டுப் படகுகள் போன்ற உப்புநீர்ப் படகுகளில் மிகுதியும் எதிர்பார்க்க வேண்டுவது.

அடைப்பைக் காண்பதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. செல்ப் பொத்தானை அழுத்தியிருக்கும்போதே, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பிளஸ் குமிழிலும், மறுமுனையை அதன்மேல் மாட்டிய கவ்வியிலும் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. மீட்டர் சூன்யத்தை ஒட்டிக் காட்டவேண்டும். அரை வோல்ட் காட்டினாலே அவ்விரண்டுக்கும் நடுவே களிம்பு உண்டு என்பது நிச்சயம். பின்பு மறுமுனையை மட்டும் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும்: கவ்வியிலிருந்து கம்பியின் காதுக்கு, அதிலிருந்து மெயின் ஸ்விட்சின் இந்தப் பக்கத்துக்கு, அந்தப் பக்கத்துக்கு, முடிவில் செல்ப் மோட்டாரின் போல்ட்டுக்கு. எந்த அடியில் எண் திடீரென்று உயர்கின்றதோ அந்த அடியில் பழுது. மெயின் ஸ்விட்ச் வெளியே புதிதாய்த் தோன்றினாலும் உள்ளே தகடு கரிந்திருப்பது சகஜம். பொத்தானை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்குமேல் அழுத்தலாகாது. மோட்டார் சூடேறிக் கெடும்.

பிளஸ் பக்கம் குற்றமற்றது என்று கண்டவுடன் சோதனையை நிறுத்திவிடுவோர் பலர். மின்சாரம் போவதற்கு ஒரு வழி வேண்டுவதுபோல் திரும்புவதற்கும் ஒரு வழி வேண்டும். டிராக்டரில் அதன் இரும்பு உடலே திரும்பும் வழி. மெக்கானிக்குகள் அதனை எர்த்து என்பர். மரப்படகிலும் பைபர் படகிலும் உடல் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் கருவிக்கும் திரும்பும் கம்பி தனியே இருந்தாக வேண்டும். அக்கம்பிகளெல்லாம் ஒரு போல்ட்டில் கூடி மைனஸ் குமிழுக்குப் போகும். அந்தப் போல்ட் அநேகமாக யந்திரத்தின் கீழ்ப்புறத்தில், தேங்கும் நீருக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒரு விளக்கைப் போட்டால் மற்றொன்று மங்குதல், செல்ப் அழுத்தும்போது திசைகாட்டும் கருவி அணைதல், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரு கருவிகள் ஒருங்கே தடுமாறுதல் ஆகிய விநோதங்கள் தோன்றினால், திரும்பும் வழியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை மைனஸ் குமிழிலும், மற்றதை யந்திரத்தின் சுரண்டிய இரும்பிலும் வைத்துச் செல்ப் அழுத்தினால் உண்மை வெளியாகும்.

மீட்டர் இல்லாதபோது கையே மீட்டர். களிம்பில் இழந்த மின்சக்தி உஷ்ணமாகவே மாறுகின்றது. செல்பை நாலைந்து தடவை அழுத்தியபின் ஒவ்வொரு கவ்வியையும் காதையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தால், பழுதுள்ள இடம் மற்றவற்றைவிடச் சூடாயிருக்கும். சில சமயம் தோல் பொசுங்கும் அளவுக்கு இருக்குமாதலால் விரல் நுனியால் பற்றிப் பிடித்தல் கூடாது.

செல்ப் வழி முழுதும் சுத்தமாயிருந்தும் 'டிக், டிக்' என்ற ஓசை மட்டும் கேட்குமாயின், சாவியிலிருந்து செல்பின் ரிலேக்குப் போகும் மெல்லிய கம்பியைப் பார்க்க வேண்டும். சாவிப் பலகை எப்போதும் தெறிநீர் படும் இடத்தில் உள்ளது. பிளஸிலிருந்து ஒரு துண்டுக் கம்பியால் ரிலேயின் சிறு முனையைத் தொட்டால் மோட்டார் சுழலுமாயின், குற்றம் சாவியிலோ அதன் கம்பியிலோ என்பது தெளிவு. அப்போது கியர் நடுநிலையில் உள்ளதா என்பதை இருமுறை பார்க்க வேண்டும்.

பியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று தீர்மானித்தல் தவறு. கண்ணாடிப் பியூஸின் உள்ளிழை முழுதாயிருக்க, இரு முனைத் தொப்பிகளில் வெண்பொடி பூத்து மின்சாரம் தடைபடுவதுண்டு. சோதனை பல்பை மைனஸுடன் சேர்த்து, மறுமுனையால் பியூஸின் இரு பக்கங்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும்; ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் பியூஸோ அதன் கூடோ கெட்டது. எரிந்த பியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கும் கெட்ட வழக்கம் சில படகுகளில் உண்டு. பைபர் படகின் பிசின் தீப்பற்றும் பொருள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எத்தகைய விபரீதம் என்பது புலப்படும்.

இரவில் நன்றாயிருந்த பாட்டரி காலையில் காலியாயிருக்குமாயின், எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, மைனஸ் கவ்வியைக் கழற்றி, குமிழுக்கும் கவ்விக்கும் நடுவே அந்தச் சோதனை பல்பைச் சேர்க்க வேண்டும். பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகின்றது. ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதனைக் கழற்றியபோது பல்பு அணைகின்றதோ அந்த வழியில் கசிவு. தானே நீர் இறைக்கும் பம்பின் மிதவை ஸ்விட்ச் உப்பேறி ஒட்டிக்கொள்வது இதற்கு ஒரு சாதாரணக் காரணம். கசிவே இன்றிக் கணக்கிலும் பாட்டரி காலியாகலாம். 80 ஆம்பியர்-மணி பாட்டரியில் 24 வாட் விளக்குகள் மூன்று, யந்திரம் ஓடாமல் பத்து மணி நேரம் எரிந்தால் 60 ஆம்பியர்-மணி செலவாகிவிடும். யந்திரம் கிளப்பும் பாட்டரி இவ்வாறு அடிக்கடி அடிவரை வடிக்கப்பட்டால் விரைவில் நாசமாகும். எல்.ஈ.டி. விளக்குகளுக்கு மாறுவது இதற்குச் சிறந்த பரிகாரம்.

பாட்டரி நிரம்பவே இல்லை என்றால் டைனமோவைச் சோதிக்க வேண்டும். யந்திரம் நடுவேகத்தில் ஓடும்போது பாட்டரிக் குமிழ்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே என்றால் நிரப்பவில்லை. முதலில் பெல்ட்டின் தளர்ச்சியைப் பார்க்கவும். 15-ஐ மிஞ்சினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பாட்டரி கொதித்து நீர் வற்றும். ஆல்டர்னேட்டர் எனப்படும் பிற்கால வகையில் ஒரு வேடிக்கை உண்டு. சாவிப் பலகையிலுள்ள சிவப்பு எச்சரிக்கை பல்பின் வழியாகவே அதற்கு முதல் மின்சாரம் கிடைக்கும்படி பல யந்திரங்களில் அமைத்துள்ளனர். அந்தச் சிறு பல்பு எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் விழிப்பதில்லை. சாவியைத் திருப்பும்போது சிவப்பு விளக்கு வருகின்றதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக் கொண்டால், வீணாக ஆல்டர்னேட்டரைக் கழற்றும் சிரமம் இல்லை. யந்திரம் ஓடும்போது மெயின் ஸ்விட்சை அணைத்தல் கூடவே கூடாது. ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கணத்தில் கருகும்.

அவுட்போர்டு யந்திரங்களில் நியாயம் நேர்மாறானது. கயிற்றால் கிளப்பும் வகைகளில் தீப்பொறிக்கான மின்சாரம் சுழல்சக்கரத்தின் கீழுள்ள காந்தத்தாலேயே உண்டாகின்றது; பாட்டரிக்கு வேலையில்லை. அதனை நிறுத்தும் பொத்தான் அம்மின்சாரத்தை யந்திர உடலோடு சேர்த்துத் தீப்பொறியை அணைப்பது. பாட்டரி வழியில் கம்பி அறுந்தால் பழுது. இவ்வழியிலோ கம்பி சேர்ந்தால் பழுது. பொத்தானுக்குள் உப்புநீர் புகுந்து இரு முனைகளையும் சேர்த்துவிட்டால், எத்தனை முறை கயிறு இழுத்தாலும் யந்திரம் கிளம்பாது. ஓட்டுபவரின் கையில் மாட்டும் காப்புக் கயிற்றின் கிளிப் கழன்றிருந்தாலும் இதே விளைவு. அதை முதலில் பார்க்க வேண்டும். கிளிப் சரியாயிருந்தும் பொறி வராவிட்டால், பொத்தானுக்குப் போகும் கம்பியைத் தற்காலிகமாகக் கழற்றிச் சோதிக்கலாம். அப்போது யந்திரம் கிளம்பினால் குற்றம் பொத்தானில். அவ்வாறு கிளப்பியபின் சோக்கை இழுத்தோ எண்ணெயை அடைத்தோதான் நிறுத்த முடியும். கரை சேர்வதற்கு மட்டும் இதைக் கையாளலாம்.

செப்பனிடுதல்

பழுதுள்ள இணைப்பைக் கண்டபின், முதலில் மைனஸ் கவ்வியைக் கழற்றி, வேலை முடிந்தபின் அதையே கடைசியாக மாட்ட வேண்டும். ஸ்பானர் தவறி இரும்பில் பட்டாலும் அப்போது பொறி பறவாது. பாட்டரி நிரம்பும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது வெடிக்கும் தன்மையது. பீடியை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். முனைகளில் பூத்த வெண்பொடியை ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவலாம். அந்நீர் ஒரு துளியும் அறைகளுக்குள் போகலாகாது. பின்பு குமிழையும் கவ்வியையும் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, உலர்ந்த நிலையில் இறுக்கி, அதன்பின்னரே மேலே வாசலின் பூச வேண்டும்.

கம்பியின் நுனியைச் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்திருக்குமாயின் அது பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டி எறிய வேண்டும். உப்புநீர் திரிபோல் கம்பியின் உள்ளே ஏறுவது வழக்கம். சில சமயம் ஒரு முழத்துக்கு மேலும் கறுத்திருக்கும். இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றும் முறை வீட்டிலேயே மோசமானது. படகில் அது பழுதை விதைத்து வளர்ப்பதற்கு ஒப்பாகும். டேப் நீரைத் தடுப்பதில்லை, உள்ளே புகுந்ததை வெளியே விடுவதுமில்லை. அளவான காதுகளை இடுக்கியால் நசுக்கிப் பொருத்தி, மேலே சூட்டால் சுருங்கும் பசைக் குழாயைப் போர்த்துவதே சரியான முறை. வெள்ளீயம் பூசிய பல்லிழைச் செம்புக் கம்பி விலை அதிகமாயினும் உப்புக்கு நெடுங்காலம் தாங்கும். வீட்டு ஒயரிங்கில் உள்ள ஒற்றை இழைக் கம்பி யந்திர அதிர்ச்சியில் உள்ளே முறிந்துவிடும். வெளியே உறை முழுதாயிருப்பதால் முறிவு தெரியாது. செல்புக்குப் போகும் கம்பி சுண்டுவிரல் பருமனுக்குக் குறையலாகாது. கூடியவரை குட்டையாயிருத்தல் நலம்.

திறந்து நிரப்பும் பாட்டரியில் காய்ச்சி வடித்த நீர் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது. தட்டுகளுக்கு மேல் சுமார் 10 மில்லிமீட்டர் நீர் நின்றால் போதும். கிணற்று நீரிலும் உப்பு உண்டு. அது தட்டுகளை அரிக்கும். கடல்நீர் பாட்டரிக்குள் புகுந்தால் நஞ்சான குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிர்க்கு ஆபத்து. ஆகவே பாட்டரிப் பெட்டியை நீர் தேங்கும் அடித்தளத்தில் வைக்காமல், மேலே பலகை அடித்து, அசையாமல் கட்டி வைக்க வேண்டும். ஹைட்ராமீட்டரில் ஐந்து அறைகள் 1.250-ஐ ஒட்டியும், ஓர் அறை மட்டும் 1.200-க்குக் கீழும் காட்டினால் அந்த அறை செத்தது. அப்பாட்டரியை மாற்றுவது தவிர வேறு வழி இல்லை. புதுப் பாட்டரி வாங்க நியாயமான சமயம் அதுவே.

நடுநீரில் நின்றால்

முகத்துவாரத்தை அணுகும்போது யந்திரம் தடுமாறினால், உட்புகுவதற்கு முன்பே நங்கூரம் போட வேண்டும். பழுதைப் பார்ப்பது அதன்பின். எல்லா விளக்குகளையும் கருவிகளையும் அணைத்துப் பாட்டரிக்குச் சில நிமிஷம் ஓய்வு கொடுத்தால், ஒருமுறை கிளப்புவதற்கான சக்தி திரும்பக்கூடும். அந்த ஒரு முறையை வீணாக்காமல், முதலில் இரு கவ்விகளையும் குமிழின்மேல் அழுத்தித் திருகி, களிம்பைக் கீறி, இறுக்கிவிட்டுப் பின்பு அழுத்த வேண்டும். கைப்பிடியும் அமுக்கம் விடுக்கும் நெம்புகோலும் உள்ள யந்திரமாயின் அவற்றைப் பயன்படுத்தலாம். கைப்பிடியைக் கரையிலேயே வைத்துவிட்டு வரும் வழக்கம் மிகுந்திருப்பதால் இதைக் கூற நேரிட்டது. டார்ச்சு விளக்கும், நீர் புகாத உறையிலிட்ட கைபேசியும் படகின் பாட்டரியைச் சாராமல் தனியே இருத்தல் வேண்டும். கடலோரக் காவற்படையை 1554 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

புரட்டாசி மாதத்தில் படகு ஜாபிதாவைச் சரிபார்க்கும் கிராம உத்தியோகஸ்தர், படகுக்காரரை உடன் வைத்துக்கொண்டு மூன்று காரியங்களை நேரில் பார்க்கலாம். இரவு முழுதும் ஓய்ந்த பாட்டரியைக் கொண்டு காலையில் யந்திரம் முதல் அழுத்தத்திலேயே கிளம்புகின்றதா. செல்ப் அழுத்தும்போது பாட்டரிக் குமிழ்களில் வோல்ட் 10-ஐ ஒட்டி நிற்கின்றதா. யந்திரம் ஓடும்போது 13.8-க்குக் குறையாமல் ஏறுகின்றதா. மூன்றுக்கும் கால்மணி நேரம் போதும். தவறும் படகுகளின் பெயருக்கு எதிரே அதைக் குறித்து வைத்து, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கவ்விகளும் திரும்பும் கம்பியும் சுத்தம் செய்யப்பட்டபின் மறுபடி சோதிக்க வேண்டும்.